சோலாருக்கு எந்த எர்த்து? பழைய குழி, ஜிஐ பைப், காப்பர் தகடு, ‘கெமிக்கல்’ ராடு: ஓர் ஒப்பீடு

மாடியில் 3 கிலோவாட் சோலார் போட மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினால், பேனலைப் பற்றியும் இன்வெர்ட்டரைப் பற்றியும் மூவரும் கிட்டத்தட்ட ஒன்றையே சொல்வார்கள். எர்த்து என்று வந்தால்தான் ஆளுக்கொரு பேச்சு. “வீட்லதான் எர்த்து இருக்கே சார், அதுலயே சேர்த்துடலாம்” என்பார் ஒருவர். கரியும் உப்பும் போட்டு ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் இறக்கினால் போதும் என்பார் அடுத்தவர். மூன்றாமவர் ‘கெமிக்கல் எர்த்திங், மூணு குழி’ என்று எழுதி, அதற்குத் தனியாக ஒரு தொகையும் போட்டிருப்பார். இதில் எதை எடுப்பது என்று கேட்கும் வாசகர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த எலக்ட்ரோடு (மண்ணுக்குள் புதைக்கும் பைப், ராடு அல்லது தகடு) என்பதை உங்கள் வீட்டு மண்ணைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஆனால் அதற்குப் பணம் ஒதுக்குவதற்கு முன்னால் இரண்டு விஷயங்களை உறுதி செய்துகொள்ளுங்கள்: பேனலிலிருந்து மண் வரை எர்த் கம்பி எங்கும் அறுபடாமல் வருகிறதா, ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் தானாக வெட்டும் சுவிட்ச்) இருக்கிறதா. இவை இல்லாத வீட்டில் எவ்வளவு விலை உயர்ந்த ராடு போட்டாலும் அந்தப் பணம் வீண்.

## எதை வைத்து எடை போடுவது

சோலாரில் எர்த்துக்கு மூன்று வேலை. பேனல் சட்டத்திலோ இன்வெர்ட்டர் பெட்டியிலோ கரண்ட் கசிந்தால் தொடுபவரைக் காப்பாற்ற வேண்டும். இன்வெர்ட்டருக்குள் இருக்கும் கசிவுக் கண்காணிப்பு ஒழுங்காக வேலை செய்ய வழிவிட வேண்டும். மின்னலோ சர்ஜோ (திடீரென எகிறும் மின்னழுத்தம்) வந்தால் அதை மண்ணுக்குள் இறக்க வேண்டும். நம் ஊரில் முதல் வேலைக்குக் கூடுதல் முக்கியத்துவம் உண்டு. பேனலை ஏழெட்டு அடி உயரத்தில் தூக்கிக் கட்டிவிட்டு, அதே இரும்புத் தூண்களில் கொடி கட்டி ஈரத்துணி காயப்போடுகிறோம். பிள்ளைகள் அந்தத் தூணைப் பிடித்துக்கொண்டு சுற்றி விளையாடுகிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘டிசி எர்த்து’ என்று கொட்டேஷனில் எழுதுவது பேனல் சட்டத்தையும் ஸ்ட்ரக்சரையும் எர்த்து செய்வதைத்தான். பேனலின் பாசிட்டிவ், நெகட்டிவ் வயர்களை எர்த்தில் சேர்ப்பது என்று அதற்கு அர்த்தமில்லை. இன்று வீடுகளுக்கு வரும் இன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாதவை. அவற்றில் நெகட்டிவை எர்த்தில் கட்டினால் இன்வெர்ட்டர் ஓடாது, கெட்டும் போகலாம்.

எலக்ட்ரோடைத் தேர்ந்தெடுக்க நான் பார்ப்பவை இவை: மண்ணின் தன்மை, தோண்ட இருக்கும் இடம், வருடா வருடம் கவனிக்க ஆள் உண்டா, பேனலின் 25 வருட ஆயுளுக்கு அந்த உலோகம் தாங்குமா, எல்லாம் சேர்ந்த செலவு. இவற்றில் மண்தான் பெரிது. எவ்வளவு பெரிது என்பதற்கு ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். மண் ஆழம் வரை ஒரே சீராக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, எர்த்திங் கணக்கில் வழக்கமாகப் பயன்படும் சூத்திரங்களின்படி, ஒரே ஒரு எலக்ட்ரோடுக்கு வரும் தடை (ஓமில், தோராயமாக; குறைவாக இருந்தால் நல்லது) கீழே இருக்கிறது. தன்தடை என்பது மண் கரண்டை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு; காம்பவுண்டு என்பது ராடைச் சுற்றி நிரப்பும், கரண்டைக் கடத்தும் கலவை:

| மண் (தன்தடை, ஓம்-மீட்டர்) | 3 மீ ராடு, வெறுமனே அடித்தது | அதே ராடு, 150 மி.மீ. துளையில் காம்பவுண்டுடன் | 2.5 மீ ஜிஐ பைப் | 60×60 செ.மீ. தகடு |
|---|---|---|---|---|
| ஈரக் களிமண் (15) | 5 | 3 | 5 | 8 |
| நல்ல தோட்ட மண் (50) | 17 | 11 | 16 | 26 |
| சரளை கலந்த செம்மண் (100) | 33 | 22 | 32 | 52 |
| காய்ந்த மணல், சரளை (300) | 99 | 65 | 96 | 157 |
| பாறை (1000) | 331 | 216 | 320 | 522 |

இதை ஒரு முறை மேலிருந்து கீழாகப் படியுங்கள். எந்த எலக்ட்ரோடு போட்டாலும் மண் மாறும்போது தடை பல மடங்கு ஏறுகிறது. அப்புறம் இடமிருந்து வலமாகப் படியுங்கள். ஒரே மண்ணில் பைப்புக்கும் ராடுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. காம்பவுண்டு போட்டால் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது, அவ்வளவுதான். விலை உயர்ந்த தகடு எல்லாவற்றையும் விட மோசமாக வருகிறது. காரணம் எளிது: தடையைக் குறைப்பதில் ஆழத்துக்கு இருக்கும் பலம் பருமனுக்குக் கிடையாது.

### 5 ஓம் என்ற எண்

பல டெண்டர்களிலும் திட்ட விவரங்களிலும் 5 ஓமுக்குள் இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். நல்ல இலக்குதான். ஆனால் 5 ஓம் வந்துவிட்டது, இனி ஆபத்தில்லை என்று நினைத்துவிடக் கூடாது.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்குப் பெரும்பாலும் இபி-யிடமிருந்து வருவது ஃபேஸும் நியூட்ரலும் மட்டும். எர்த்து நம் பொறுப்பு. இன்வெர்ட்டர் பெட்டியில் ஃபேஸ் பட்டுவிட்டால், 5 ஓம் எர்த்து வழியாக மண்ணுக்குள் போகக்கூடிய கரண்ட் அதிகபட்சம் 230 வகுத்தல் 5, அதாவது 46 ஆம்பியர். 3 கிலோவாட் இன்வெர்ட்டருக்கு 20 ஆம்பியர் சி வகை எம்சிபி (கரண்ட் மிகுந்தால் தானாக விழும் சுவிட்ச்) போட்டிருந்தால், அது உடனே விழ குறைந்தது 100 ஆம்பியர் வேண்டும். 46 ஆம்பியருக்கு அது சூடாகி மெதுவாகத்தான் விழும். அதுவரை பெட்டியில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். செம்மண்ணில் 33 ஓம் எர்த்து என்றால் 7 ஆம்பியர்தான் ஓடும், எம்சிபி விழவே விழாது.

அதே இடத்தில் 300 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று இருந்தால் கதையே வேறு. 33 ஓம் எர்த்தில்கூட, பெட்டியின் மின்னழுத்தம் 10 வோல்ட்டைத் தாண்டினாலே அது நொடிக்கும் குறைவான நேரத்தில் லைனை வெட்டிவிடும். எனவே உங்கள் கையில் இருக்கும் பணம் ஆர்சிசிபிக்கா இரண்டாவது ராடுக்கா என்ற நிலை வந்தால், யோசிக்காமல் ஆர்சிசிபி வாங்குங்கள். ஒன்று கவனம்: மழை நாளில் நனைந்த பேனலிலிருந்து இயல்பாகவே கொஞ்சம் கசிவு கரண்ட் ஓடும். அதனால் இன்வெர்ட்டர் லைனில் 30 மில்லி ஆம்பியர் போட்டால் காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கலாம். பல இன்வெர்ட்டர்களின் கையேடே 100 அல்லது 300 என்று சொல்லும், எந்த வகை என்பதையும் சொல்லும். அதைப் பார்த்து வாங்குங்கள். வீட்டு லைன்களுக்கு 30 தான்.

## வீட்டின் பழைய எர்த்திலேயே சேர்ப்பது

செலவில்லாத வழி. கொள்கையளவில் தவறும் இல்லை, ஏனென்றால் வீட்டு எர்த்தும் சோலார் எர்த்தும் எப்படியும் ஒன்றாகத்தான் இணைந்திருக்க வேண்டும்.

சிக்கல், அந்தப் பழைய குழி உயிரோடு இருக்கிறதா என்பதில். வீடு கட்டியபோது போட்ட குழியின் மேல் பின்னால் டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள், கார் நிறுத்த சிமென்ட் போட்டிருப்பார்கள். உள்ளே பைப்பும் ஜிஐ கம்பியும் சேரும் கிளாம்பு துருப்பிடித்து, கையால் இழுத்தாலே வந்துவிடும் நிலையில் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

இதைச் சோதிக்க ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே குண்டு பல்பு மாட்டி, “பளிச்சுன்னு எரியுது பாருங்க” என்று காட்டுவார்கள். அந்தச் சோதனையை நம்பாதீர்கள். 60 வாட் பல்பின் தடை ஏறத்தாழ 880 ஓம். எர்த்து 100 ஓம் என்று படுமோசமாக இருந்தாலும் பல்புக்கு 200 வோல்ட்டுக்கு மேல் கிடைக்கும், நன்றாகவே எரியும். எர்த் டெஸ்டர் கருவியால் அளந்தால்தான் உண்மை தெரியும்.

வீடு புதியது, குழியின் மூடியைத் திறந்து பார்க்க முடிகிறது, டெஸ்டரில் அளவும் நன்றாக இருக்கிறது என்றால் தாராளமாக இதையே பயன்படுத்தலாம். அடுக்குமாடியில் பொதுக் குழி என்றால், அதைப் பராமரிப்பது யார் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

## ஜிஐ பைப், கரி, உப்பு

40 மி.மீ. ஜிஐ பைப், குறைந்தது 2.5 மீட்டர் நீளம். இந்தியத் தர விதி ஐஎஸ் 3043 சொல்லும் அளவும் இதுதான். சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு, மேலே தண்ணீர் ஊற்றப் புனல் வைத்த பழைய முறை. எந்த ஊர் வொயர்மேனுக்கும் தெரியும், பொருள் எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும், பழுதானால் சரிசெய்வதும் எளிது. அட்டவணையில் பார்த்தபடி, தடையில் இது காப்பர் ராடுக்கு இளைத்ததில்லை.

மறைந்திருக்கும் செலவு உப்பில் இருக்கிறது. தடையைக் குறைக்கும் அதே உப்பு பைப்பின் துத்தநாகப் பூச்சையும் தின்கிறது. ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கரைந்து போகிறது. அதனால் முதல் வருடம் காட்டிய அளவு நாலைந்து வருடத்தில் இருக்காது. கோடையில் யாராவது தண்ணீர் ஊற்ற வேண்டும், சில வருடத்துக்கு ஒரு முறை உப்பு மாற்ற வேண்டும். கிணறோ கறிவேப்பிலைச் செடியோ பக்கத்தில் இருந்தால் உப்பு அங்கேயும் போகும். 25 வருடத்தில் ஒரு முறையாவது பைப்பையே மாற்ற நேரும் என்று கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆனால் ஜிஐ பைப் என்றாலே உப்பு போட்டாக வேண்டும் என்று சட்டமில்லை. கனமான பைப்பாக வாங்கி, உப்புக்குப் பதிலாக பென்டனைட் களிமண்ணோ கார்பன் காம்பவுண்டோ நிரப்பச் சொல்லுங்கள். செலவு கொஞ்சம் கூடும், ஆயுள் நன்றாக நீளும். சொந்த மனை, சுற்றிலும் மண், கரிசலோ வண்டலோ கிடைக்கும் ஊர் என்றால் என் முதல் தேர்வு இதுதான்.

## காப்பர் தகடு

பெரிய கட்டடங்களில் பார்த்துவிட்டு வீட்டுக்கும் கேட்பவர்கள் உண்டு. 60 செ.மீ. சதுரம், 3.15 மி.மீ. கனம் என்றால் ஏறத்தாழ 10 கிலோ தாமிரம். அதன் மேல் விளிம்பே தரைக்குக் கீழே 1.5 மீட்டரில் இருக்க வேண்டும், ஆக இரண்டு மீட்டருக்கு மேல் குழி தோண்ட வேண்டும். பட்டையும் தகடும் சேரும் இடம் புதைந்துவிடுவதால் பிறகு பார்க்கவே முடியாது. இவ்வளவுக்கும் தடை பைப்பை விட அதிகம். வீட்டு சோலாருக்கு இது தேவையில்லை.

## காப்பர் பூசிய ராடு, காம்பவுண்டு (‘கெமிக்கல் எர்த்திங்’)

உள்ளே எஃகு, மேலே 250 மைக்ரான் தாமிரம், 17.2 மி.மீ. விட்டம், 3 மீட்டர் நீளம்: நல்ல ராடுக்கு இந்த விவரங்கள் கொட்டேஷனில் இருக்க வேண்டும். சின்ன ஆகர் (மண்ணைக் குடையும் கருவி) துளை போதும் என்பதால் குறுகிய சந்திலும் போடலாம். தாமிரம் மண்ணில் ஜிஐயை விட நெடுநாள் நிற்கும். தண்ணீர் ஊற்றும் வேலை பெரும்பாலும் இல்லை. ஆள் தங்காத வீடு, வெளிநாட்டில் இருப்பவர்களின் வீடு, தென்னந்தோப்பில் இருக்கும் மோட்டார் சோலார் போன்ற இடங்களுக்கு இது பொருத்தம்.

‘மெயின்டனன்ஸே கிடையாது’ என்ற வார்த்தையை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பென்டனைட் ஈரத்தைப் பிடித்து வைக்கும். முழுதாகக் காய்ந்தால் சுருங்கி ராடை விட்டு விலகும். வறண்ட மண்ணில் கார்பன், கிராஃபைட் சேர்ந்த காம்பவுண்டுதான் நல்லது.

ஏமாற்று நடப்பதும் இந்த வகையில்தான் அதிகம். தாமிரப் பூச்சு பேருக்கு இருக்கும். பாறை தட்டியதும் ராடைப் பாதியில் அறுத்துவிட்டு மூடிவிடுவார்கள். மெலிந்த ஜிஐ பைப்பையே ‘கெமிக்கல்’ என்று விற்பதும் உண்டு. குழி போடும் நாளில் கூடவே நில்லுங்கள். ராடின் நீளத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள். முனையில் ஓரமாக அரத்தால் லேசாகத் தேய்த்தால் எஃகைச் சுற்றிக் கால் மில்லிமீட்டர் தாமிர வளையம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். காந்தம் ஒட்டினால் பயப்பட வேண்டாம், உள்ளே எஃகு இருப்பதால் ஒட்டத்தான் செய்யும். காம்பவுண்டு மூட்டை முழுவதும் துளைக்குள் போனதா என்பதையும் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு, இதை யாரும் சொல்வதில்லை. புதிய காப்பர் ராடையும் பழைய ஜிஐ பைப்பையும் கம்பியால் இணைத்தால், ஈர மண்ணில் இரண்டும் சேர்ந்து ஒரு பேட்டரி ஆகிவிடும். அதில் அரிபடுவது ஜிஐ. இணைப்பைத் தவிர்க்க முடியாது, பாதுகாப்புக்கு அது வேண்டும். ஆகவே ராடுக்கு மாறுகிறீர்கள் என்றால், பழைய ஜிஐ குழி சீக்கிரம் போய்விடும் என்று எண்ணி, புதிய ராடுகளே வீட்டையும் தாங்கும்படி போடுங்கள்.

## புதிதாக வீடு கட்டுபவர்களுக்கு

அஸ்திவாரக் கம்பியையே எர்த்தாகப் பயன்படுத்தலாம். மண்ணுக்குள் இருக்கும் கான்கிரீட் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பரப்பும் பெரிது. ஜெர்மனியில் புதுக் கட்டடங்களுக்கு அஸ்திவார எர்த்து கட்டாயம். கான்கிரீட் போடுவதற்கு முன்பே கம்பிகளைச் சரியாக இணைத்து, ஒரு பட்டையை வெளியே எடுத்து வைக்க வேண்டும். பாறை நிலத்தில் இதற்கு ஈடு கிடையாது. அஸ்திவாரத்துக்கு அடியில் பிளாஸ்டிக் ஷீட் விரித்திருந்தால் மட்டும் பயன்படாது.

## ஒரு குழியா, மூன்று குழியா

டிசி ஒன்று, ஏசி ஒன்று, இடிதாங்கி ஒன்று என்று மூன்று குழி போடுவது வழக்கமாகிவிட்டது. மூன்று போடுவதில் தவறில்லை, தடை குறையும். ஆனால் அவற்றைத் தனித்தனியாகவே விட்டுவிடுவது ஆபத்து. ‘இடிதாங்கி எர்த்தை மத்ததோட சேர்க்கவே கூடாது சார்’ என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 30,000 ஆம்பியர் மின்னல் 10 ஓம் குழியில் இறங்கினால் அந்தக் குழி ஒரு நொடித்துளிக்கு 3 லட்சம் வோல்ட்டில் நிற்கும். பக்கத்துக் குழியில் கட்டிய இன்வெர்ட்டர் பூஜ்ஜியத்தில் இருக்கும். அந்த வித்தியாசம் சுவர் வழியாகவும் இன்வெர்ட்டர் வழியாகவும் பாயும். எல்லாம் இணைந்திருந்தால் எல்லாமே சேர்ந்து ஏறிச் சேர்ந்து இறங்கும். எர்த் புள்ளிகள் எல்லாவற்றையும் இணைத்து ஒரே மின்னழுத்தத்தில் வைக்க வேண்டும் என்ற வரி அரசு டெண்டர் விவரக்குறிப்புகளிலேயே இருக்கிறது.

இணைக்க வேண்டிய இடம் தரைமட்டத்தில். இடிதாங்கியிலிருந்து வரும் பட்டை தனி வழியாக, வளைவு இல்லாமல், பேனல் வயர்களை விட்டு விலகி இறங்க வேண்டும். குழிகளுக்கு நடுவே ராடு நீளத்தின் இரு மடங்கு, அதாவது 3 மீட்டர் ராடுக்கு 6 மீட்டர் இடைவெளி வேண்டும். இரண்டடி தள்ளி மூன்று குழி வரிசையாகப் போட்டால், மூன்று குழிக்குக் காசு வாங்கிக்கொண்டு ஒன்றரைக் குழிக்கான பலனைத்தான் தருகிறார்கள். இடம் இல்லாத வீட்டில் நன்றாகப் போட்ட ஒன்றோ இரண்டோ போதும்.

## மாடியில் கோட்டை விடும் இடங்கள்

பேனல் சட்டம் அலுமினியம். அதன் மேல் இருக்கும் ஆனோடைஸ் பூச்சு கரண்டைக் கடத்தாது. ஸ்ட்ரக்சரில் போல்ட் போட்டு இறுக்கியதாலேயே எர்த்து ஆகிவிட்டது என்று நினைப்பது பெரிய தவறு. சட்டத்தின் பின்பக்கம் எர்த் குறி போட்ட சின்னத் துளை இருக்கும். அங்கே பூச்சைக் கீறி உள்ளே பிடிக்கும் ஸ்டார் வாஷர் வைத்து, வெள்ளீயம் பூசிய காப்பர் லக்கை (வயர் நுனியில் மாட்டும் வளையம்) முடுக்க வேண்டும். வெறும் தாமிரம் அலுமினியத்தில் பட்டால் ஈரத்தில் அலுமினியம் அரிக்கும். பேனலுக்குப் பேனல் 6 ச.மி.மீ. பச்சை-மஞ்சள் வயர், நடுவில் ஒரு பேனலைக் கழற்றினாலும் மற்றவற்றின் தொடர்பு அறாதபடி ஓட வேண்டும்.

வேலை முடிந்ததும் மல்டிமீட்டரை ஓமில் வைத்து, கடைசி பேனல் சட்டத்துக்கும் கீழே எர்த் பட்டைக்கும் நடுவே அளக்கச் சொல்லுங்கள். 1 ஓமுக்குள் இருக்க வேண்டும். இன்வெர்ட்டர் தினமும் காலையில் லைனில் சேருவதற்கு முன் பேனல் பக்க இன்சுலேஷனைச் சோதிக்கிறது. சட்டம் எர்த்தில் இல்லை என்றால், வயர் தோல் உரிந்து சட்டத்தில் பட்டாலும் அந்தச் சோதனைக்குத் தெரியாது. தெரிவது மாடியில் துணி எடுக்கப் போகிறவருக்குத்தான்.

## எந்த ஊருக்கு எது

தஞ்சை, திருவாரூர் போன்ற டெல்டாக் களிமண்ணில் உப்பில்லாத ஜிஐ பைப் ஒன்றிரண்டே நிறைவாக வேலை செய்யும். கெமிக்கலுக்குக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

நாகப்பட்டினம், ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரையோரங்களில் மண் உவராக இருக்கும் இடத்தில் தடை தானாகவே குறைவு. அங்கே எதிரி அரிப்பு. காப்பர் ராடும் அதே உலோகத்தில் கிளாம்பும் போடுங்கள், ஜிஐ பட்டையைக் கலக்காதீர்கள். மாடியில் உள்ள லக்குகளையும் வருடம் ஒரு முறை பாருங்கள், உப்புக்காற்று முதலில் அவற்றைத்தான் பிடிக்கும்.

கிருஷ்ணகிரி, நாமக்கல், கோவையின் பாறைப் பகுதிகளில் நாலடியில் பாறை தட்டினால் ராடுக்காக மல்லுக்கட்ட வேண்டாம். காம்பவுண்டுச் சுவர் ஓரமாக அரை மீட்டர் ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, 15 மீட்டர் நீளத்துக்குப் பட்டையைப் படுக்கையாகப் புதையுங்கள். 300 ஓம்-மீட்டர் மண்ணில் ராடு 99 ஓம் தரும் இடத்தில் இது 33 ஓம் அளவில் வரும். மேல்மண் கோடையில் காய்ந்துவிடும் என்பதால் சுற்றிலும் காம்பவுண்டு போடுவது நல்லது. இந்த ஊர்களில் 5 ஓம் வரவில்லையே என்று துவள வேண்டாம். ஆர்சிசிபியும் இணைப்புகளும் சரியாக இருந்தால் ஆளுக்குப் பாதுகாப்பு உண்டு.

சென்னையில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் முன்வாசலில் கிடைக்கும் இரண்டடிதான் இடம். அங்கே ஆகர் துளையில் காப்பர் ராடு, முடிந்தால் இரண்டு ராடுகளை ஒன்றன் மேல் ஒன்றாக இணைத்து ஆழமாக இறக்குவது. துளை போடுவதற்கு முன் மெட்ரோ வாட்டர் குழாயும் இபி கேபிளும் எங்கே போகின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே இருந்தாலும், அளவை ஐப்பசி மழையில் எடுத்துக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிடாதீர்கள். ஈர மண்ணில் எல்லா எர்த்தும் நல்ல எர்த்துதான். மீதித் தொகையில் கொஞ்சத்தை நிறுத்தி வைத்து, சித்திரை வெயிலில் ஒரு முறை, இணைப்பைக் கழற்றி ஒவ்வொரு குழியையும் தனித்தனியாக எர்த் டெஸ்டரில் அளந்து, தேதியோடு எழுதித் தரும்படி ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள். அளந்து முடித்ததும் கழற்றிய இணைப்பைத் திரும்ப மாட்டினார்களா என்பதை நீங்களே குனிந்து பார்த்துவிடுங்கள்.